கரிய இலை நார்ச்செடி: விதையா, கன்றா?

நியூஜீலந்து தேசத்து நார்ச்செடியை ஆங்கிலேயர் 'பிளாக்ஸ்' என்று அழைத்தனர். ஆயினும் ஆளிவிதை தரும் செடிக்கும் இதற்கும் யாதொரு உறவுமில்லை; நாரின் ஒற்றுமை பற்றியே அப்பெயர் வழங்கலாயிற்று. இதன் சாஸ்திரப் பெயர் போர்மியம். மாவோரி ஜனங்கள் இதை ஹரகெகே என்பர்; ஆடை, கயிறு, கூடை முதலியன இதனாற் செய்து வந்தனர். இதில் இரண்டு இனங்கள் உண்டு. பெரியதன் இலை 10 அடி வரை நீளும்.

கரிய இலையுடைய வகைகளைத் தோட்ட அழகுக்காக விரும்புவோர் பலர். விருப்பம் நல்லதே. ஆனால் விதையில் முளைத்த நாற்றுக்களைப் பெயர் பெற்ற வகையென்று சொல்லி விற்பதும், விசாரியாமல் வாங்குவதும் தவறான வழக்கங்களாகும். இவ்வகைகளிற் பல, இரண்டு இனங்களும் கலந்து பிறந்தவை. அவற்றின் விதை தாயின் குணத்தைத் தவறாமற் கொடுப்பதில்லை. ஒரு நாற்று கருஞ்சிவப்பாயும், மற்றொன்று பழுப்பாயும், வேறொன்று வெறும் பச்சையாயும் வளரும். காற்றுத் தடுப்புக்கு இந்நாற்றுக்கள் போதும், நிறத்துக்குப் போதா.

விதை மலிவு, கன்றோ தாமதம் என்பர். உண்மையே. எனினும் நிறம் மாறாதிருக்க வாழையைப் போலத் தூரைப் பிரித்து நடுவதே வழி. வேருடன் கூடிய ஒரு விசிறியைப் பிரித்து, இலைகளைக் குறுக்கி வெட்டி, நல்ல வெயிலில் நட வேண்டும். நிழலில் கருமை மங்கும்.

நட்டபின்னும் கவனம் தேவை. கரிய தூரில் சிற்சில சமயம் பச்சை விசிறி தோன்றும். அது வலுத்து வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். ஆகையால் கண்டவுடன் அடியோடு களைக. அசிரத்தையால் நல்ல வகையொன்று ஒரு தோட்டத்திலிருந்து மறைந்து போகும்.

இலை அறுப்பதில் மாவோரியரின் விதி எக்காலத்தும் பின்பற்றத்தக்கது. விசிறியின் நடுக்குருத்தைக் குழந்தையென்றும், அதன் இருபுறத்து இலைகளைப் பெற்றோரென்றும் அவர்கள் கருதுவர். இம்மூன்றையும் தொடாமல் வெளிப்புறத்து முதிர்ந்த இலைகளையே அறுப்பர். வேலிச் செடிபோல் தலையை மட்டமாகக் கத்தரிப்போர் குழந்தையையும் பெற்றோரையும் சேர்த்தே வெட்டுகின்றனர்.

விதையால் வேறொரு தீங்கும் உண்டு. செயின்ட் ஹெலினா தீவில் 1907 முதல் 1966 வரை இந்நார்த் தொழில் நடைபெற்றது. தொழில் நின்றது, செடி நிற்கவில்லை. மலைமேல் பரவி, அத்தீவுக்கே உரிய செடிகளின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. சொந்த நாட்டில் பூக்களை விட்டுவைத்தல் நலம். டூயி என்னும் பறவை அவற்றின் தேனை உண்கிறது. அயல் நாட்டில் வளர்ப்போரோ காய் முற்றுமுன் பூந்தண்டை நீக்குவது உசிதம்.

ஆதலின் நிறத்தை நாடுவோர் தாய்த்தூரை நேரிற் பார்த்துக் கன்று வாங்குக. விற்போரும் நாற்றை நாற்றென்றே சொல்லி விற்பாராக.