உனக்கு அந்த நிறம் எடுக்காது

"சிங்கப்பூரில் ஏது குளிர்காலம்?" என்று கேட்பவர்கள் டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், காலை ஏழு மணிக்குப் பாசிர் ரிஸ் நிலையத்தில் ரயில் ஏறிப் பார்க்க வேண்டும். பாதையின் முதல் நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைத்துவிடும். மகிழ்ச்சி அத்தோடு முடிந்தது. வெளியே விடாத மழை, காலில் நனைந்த காலணி, தலைக்கு நேர் மேலே குளிர்சாதனம். கெண்ட் ரிட்ஜ் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே விரிவுரை மண்டபத்தில் இன்னொரு குளிர்சாதனம் நமக்காகக் காத்திருக்கும்.

வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை வீசுகிறது. அதில் டிசம்பரும் ஜனவரியும்தான் அதிக ஈரமான மாதங்கள். 1934ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் இங்கே வெப்பநிலை 19.4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. 2018 ஜனவரியில் சில நாட்கள் 22 டிகிரியை ஒட்டியே இருந்தபோது, நம்மவர்கள் பனிமலையில் நிற்பது போலப் படம் எடுத்துக்கொண்டது நினைவிருக்கலாம். பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி. ஆகவே தீபாவளியிலிருந்து பொங்கல் வரை நீளும் இந்தக் காலத்தை நம் குளிர்காலம் என்று சொன்னால் தவறாகாது.

இந்தக் குளிர்காலத்தில் நாம் என்ன உடுத்துகிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஒருநாள் பொழுது போகாமல் என் ரயில் பெட்டியில் இருந்தவர்களை எண்ணினேன். என் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பதினேழு பேர் குளிருக்கு மேலாடை அணிந்திருந்தார்கள். பதினொன்று கறுப்பு, நான்கு சாம்பல், ஒன்று கருநீலம். ஒரே ஒரு மூதாட்டி மட்டும் இளஞ்சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். பதினொரு கறுப்பில் ஒன்று என்னுடையது.

கறுப்பு ஹூடிக்கு எல்லாரும் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. எதனோடும் ஒத்துப்போகும், அழுக்குத் தெரியாது, காலையில் யோசிக்க வேண்டாம். நானும் அவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால், உண்மைக் காரணம் வேறு. அது நான்கே சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம்: "உனக்கு அந்த நிறம் எடுக்காது."

இதை வாசிக்கும் தோழியரில் பலர் இந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். நான் முதன்முதலில் கேட்டது தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில். மஞ்சள் பாவாடை ஒன்றைக் கையில் எடுத்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பாப்பா கொஞ்சம் கலர் கம்மி, இது போட்டா இன்னும் டல்லா தெரியும்க்கா. லைட் கலர் காட்டவா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என் கையிலிருந்து பாவாடையை மெல்ல வாங்கி வைத்துவிட்டார். யாரும் கோபப்படவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. மாதுளைச் சாறு வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அதன் பிறகு நான் மஞ்சளைத் தொடவில்லை. பின்னர் ஆரஞ்சு போனது, கிளிப்பச்சை போனது. பல்கலைக்கழகத்துக்கு வரும்போது என் அலமாரியில் மிஞ்சியவை கறுப்பும் சாம்பலும்தான். அதற்கு "என் ஸ்டைல்" என்று நானே ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன்.

கடந்த தீபாவளிக்கு முந்திய வாரம், சித்தி மகளை அழைத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். அவளுக்கு வயது எட்டு. தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் வரிசையாக இருக்கும் துணிக்கடைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வானவில்லை எடுத்து மடித்து அடுக்கி வைத்தது போல இருக்கும். அவள் ஒரு மாம்பழ மஞ்சள் பாவாடையின் முன் நின்றாள். கரையைத் தொட்டுப் பார்த்தாள். "பிடிச்சிருக்கா? எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "வேணாம்க்கா. எனக்கு இது எடுக்காது" என்றாள்.

யார் உனக்கு அப்படிச் சொன்னது என்று கேட்க வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். தலை முதல் கால் வரை கறுப்பில் நின்ற நான் அவளுக்கு எந்த முகத்தோடு அறிவுரை சொல்வது? அன்றுதான் இந்தக் கட்டுரை எனக்குள் தொடங்கியது.

நண்பர்களே, சற்றே சிந்தித்துப் பாருங்கள். தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் சிறிது தூரம் நடந்தால் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம். அங்கே வீற்றிருக்கும் காளியின் பெயரே கருமையைக் குறிப்பது. அவளுக்கு என்ன நிறப் பட்டுச் சாத்துகிறோம்? சிவப்பு, மஞ்சள், பச்சை, அதற்கு மேல் செவ்வரளி மாலை. "அம்மனுக்கு இந்த நிறம் எடுக்காது, சாம்பல் நிறத்தில் ஒன்று கொடுங்கள்" என்று எந்தப் பக்தராவது கேட்டதுண்டா? கருங்கல் சிலைக்குப் பளிச்சென்ற பட்டைச் சாத்திவிட்டு, "என்ன அழகு!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். வெளியே வந்து செருப்பை மாட்டியதும், அதே நிறத்தில் இருக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கு அதே நிறத்தை மறுக்கிறோம். இது என்ன நியாயம்?

சாமி வேறு, நாம் வேறு என்பீர்கள். சரி, நம் கல்யாண வீடுகளையே பாருங்கள். மணப்பெண் எந்த நிறத்தில் இருந்தாலும் கூரைப்புடவை அரக்குச் சிவப்பில்தான் எடுக்கிறோம். அன்று யாரும் "எடுக்குமா, எடுக்காதா" என்று பார்ப்பதில்லை. அவளைப் பார்த்துக் கண் படும் என்று திருஷ்டி வேறு கழிக்கிறோம். வாழ்க்கையில் ஒரு நாள் பொருந்தும் சிவப்பு, மறுநாள் ரயிலில் போகும்போது மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

இதில் அறிவியலும் இருக்கிறது. பிரான்சில் கோப்லேன் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்னும் வேதியியலாளர். நெசவுக்கூடத்தின் கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் எந்த நிறம் வருகிறதோ, அதைப் பொறுத்தே கறுப்பு மங்கலாகவோ அழுத்தமாகவோ கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றை ஒன்று மாற்றிக் காட்டும் இந்த விதியை 1839இல் அவர் நூலாகவே வெளியிட்டார். கருமையான தோலுக்கு அருகே அடர்த்தியான மஞ்சளும் சிவப்பும் வரும்போது இரண்டும் சேர்ந்து எடுப்பாகத் தெரிவதற்கு இந்த வேறுபாடே காரணம். நம் பாட்டிமார் செவ்ரலைப் படிக்காமலேயே இதை அறிந்திருந்தார்கள். அவர்களுடைய பழைய புடவைகளைப் பிரித்துப் பாருங்கள், புரியும்.

பிறகு எங்கே தவறியது? நிறத்தைப் பற்றிய பழைய ஏற்றத்தாழ்வு ஒரு பக்கம் இருக்க, அதை வைத்துப் பணம் பார்த்த வணிகம் மறுபக்கம். இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது 1975இல். ஆண்களை மட்டும் ஏன் விட வேண்டும் என்று 2005இல் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்தது. சென்னையிலிருந்து 2009இல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கம் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்தார். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு குளோ அண்ட் லவ்லி ஆனது. குப்பியின் மேல் இருந்த பெயரை மாற்றிவிட்டார்கள். துணிக்கடையில் நாம் பேசும் பேச்சை யார் மாற்றுவது? அதை நாம்தான் மாற்ற வேண்டும்.

சரி, குளிர்கால ஆடைக்கு வருவோம். நிறமுள்ள குளிர்கால ஆடை என்றவுடன் நம் நினைவு கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போய்விடுகிறது. நம்மிடம் இல்லாததா? நீலகிரியின் தோடர்கள் போர்த்தும் புத்துக்குளியைப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை செய்த போர்வை அது. அந்தத் தையல் வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழி மாதத்துச் சென்னை சபாக்களை எண்ணிப் பாருங்கள். அங்கே கச்சேரியோடு புடவைகளும் பேசப்படும். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய ஆழ்ந்த நீலம் "எம்.எஸ். நீலம்" என்றே பெயர் பெற்றுவிட்டது. மதுரைச் சுங்குடியும் இருக்கிறது. துணியில் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயம் தோய்த்து, அவிழ்த்தால் புள்ளி புள்ளியாகப் பூக்கும் துணி அது. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் விரும்பி அணிந்த மெட்ராஸ் கட்டம் போட்ட துணியோ, துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடுவதையே பெருமையாகச் சொல்லி விற்கப்பட்டது. அவர்கள் நம் நிறங்களைத் தேடி வாங்கினார்கள். நாம் அவர்களுடைய சாம்பலை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆண்டிறுதிக்கு என் சொந்தத் தேர்வுகளைச் சொல்கிறேன். நான் ஆடை வல்லுநர் அல்லள். செலவுக்கு எண்ணி எண்ணிப் பார்க்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே சொல்கிறேன். விரிவுரை மண்டபத்துக்கு, சுங்குடித் துப்பட்டா ஒன்று. கழுத்தில் சுற்றினால் குளிர் தாங்கும், விரித்தால் போர்வை, மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். ஈரமான ஹூடி காய இரண்டு நாளாகும் என்பது மழைக்காலத்தில் துணி காயப்போடும் அம்மாக்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்க ஆர்ச்சர்ட் சாலைக்குப் போவதென்றால், அரக்குச் சிவப்பில் ஒரு கைத்தறிக் குர்த்தா. புத்தாண்டு விருந்துக்கு எம்.எஸ். நீலம், கறுப்பை விட்டு வர அஞ்சுபவர்களுக்கு அதுவே முதல் படி. பொங்கலுக்கு மஞ்சள்தான். அதில் விவாதமே இல்லை. ஆண்களே, நீங்களும் தப்பிக்க முடியாது. பச்சைச் சட்டையும் மயில்கழுத்து நிறக் கரை வேட்டியும் உங்களை ஒன்றும் செய்துவிடாது.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 2022இல் மட்டும் சிங்கப்பூரில் சேர்ந்த துணி, தோல் கழிவு 254,000 டன்; அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 2 விழுக்காடுதான். அம்மாவின் பழைய புடவையில் இரண்டு குர்த்தா தைக்கலாம். பனிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒரு வாரத்துக்காகக் குளிர்ச்சட்டை வாங்காமல் இரவல் கேட்கலாம். எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரே குளிர்ச்சட்டை இதுவரை ஐந்து பேரோடு வெளிநாடு போய் வந்திருக்கிறது. அதனிடம் கடப்பிதழ் மட்டும்தான் இல்லை.

கறுப்பை விரும்பி அணிபவர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். கறுப்பு அழகான நிறம். எனக்கும் அது பிடிக்கும். பிடித்து உடுத்துவது வேறு, பயந்து உடுத்துவது வேறு என்பதுதான் நான் சொல்ல வருவது. நேர்முகத் தேர்வுக்குக் கருநீலம்தான் சரி என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால், "இதை நான் ஏன் தவிர்க்கிறேன்?" என்று அலமாரியின் முன் ஒரு முறையாவது கேட்டுப் பாருங்கள். விடை உங்களுடையதாக இருந்தால் மகிழ்ச்சி. என்றோ ஒரு கடையில் யாரோ சொன்னதாக இருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெற்றோரையும் நான் குறை சொல்லவில்லை. அந்தத் தேக்கா மாலைக்குப் பிறகு, மஞ்சள் துணி ஒன்று எடுத்து, பொங்கலுக்குக் குர்த்தா தைத்துப் போட்டேன். அம்மா சிறிது நேரம் பேசாமல் பார்த்தார். "உனக்கு நல்லாத்தான்மா இருக்கு" என்றார். பிறகு, "எனக்கும் சின்ன வயசுல மஞ்சள்னா உயிரு. எங்கம்மாதான் வேணாம்னுட்டாங்க" என்றார். இத்தனை ஆண்டுகளில் அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது என்று நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வாக்கியம் என் அம்மாவிடம் தொடங்கவில்லை. பாட்டியிடமும் தொடங்கியிருக்காது. கைமாறிக் கைமாறி, எட்டு வயதுக் குழந்தையின் வாய்வரை வந்துவிட்டது.

நம் இலக்கியத்தில் மிகவும் புகழ்பெற்ற குளிர்கால ஆடை பேகனுடைய போர்வை. அவன் அதை ஒரு மயிலுக்குக் கொடுத்தான். நீலமும் பச்சையுமாய் மின்னும் பறவைக்கு என்ன நிறப் போர்வை எடுக்கும் என்று அவன் நின்று யோசிக்கவில்லை. குளிரும் என்று நினைத்தான், கொடுத்தான். அந்த வள்ளலின் வழிவந்த நாம், போர்வை கொடுக்காவிட்டாலும் போகட்டும். அடுத்த முறை தம்பி, தங்கையரோடு துணி எடுக்கப் போகும்போது, அவர்கள் ஒரு நிறத்தின் முன் நின்றால், அந்த நான்கு சொற்களைச் சொல்லாமலாவது இருப்போம். "பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்போம்.

சித்தி மகளுக்கு அந்த மாம்பழ மஞ்சள் பாவாடையை அன்று வாங்கிக் கொடுக்கவில்லை. இந்தத் தீபாவளிக்கு வாங்க வேண்டும். அவளை அழைத்துப் போகும் அன்று நான் என்ன நிறம் உடுத்த வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிட்டேன்.