பிள்ளைகளின் கைகளைத் தடுக்காதீர்கள்

"தொடாதே, பழுதாகிவிடும்" என்று அதட்டிவிட்டு, அதே பிள்ளை நாளை பொறியியலாளராக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்?

பல கருவிகளை இயக்கும் பொது றிமோட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி, பெரும்பாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடித்துப் புறப்படுகின்றது. அது விட்டுவிட்டு வரும் கால அளவுகளே கட்டளையாகின்றன. மூன்று கால்களையுடைய சிறு உணரியும், 2005இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ போன்றதொரு பலகையும் அடங்கிய இலத்திரனியல் பயிற்சிப் பெட்டி இருந்தால், பிள்ளை அக்கட்டளையைத் தானே வாசித்தறியலாம். அதைக் கொண்டு சிறு விளக்கொன்றை ஒளிரச் செய்யலாம். இதற்கு 5 வோல்ற்று மின்சாரமே போதுமானது. சுவர் மின்சாரத்தில் மட்டும் கைவைக்க விடலாகாது.

1990களில், மின்சாரமும் பற்றறியும் அற்றிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். அன்று தேவை நமக்குக் கற்பித்ததை, இன்று வசதி நம் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடக் கூடாது. பழுதான பொருளைக் குப்பையில் எறிந்து புதியதை வாங்கவே அவர்கள் பழகிவருகின்றனர்.

பிறந்தநாளுக்கு இன்னுமொரு விளையாட்டுப் பொருளுக்குப் பதிலாக இத்தகைய பெட்டியொன்றை வாங்கிக் கொடுங்கள். குறிப்புகளைப் பிள்ளை வாசிக்கட்டும். கம்பிகளைத் தந்தையோ தாயோ பிடிக்கட்டும். மொழியால் விலகிநிற்கும் இரு தலைமுறைகளும் ஒரே மேசையில் அமர அது வழிசெய்யும். ஓரிரு பாகங்கள் பழுதாகலாம், ஆகட்டும்.