கடலில் பூட்டிய கதவு

1962ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்களின் தொடக்கம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி ஒரு மாலைப் பொழுதில் தம் செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அழைத்தார். மறுநாட் காலைக்குள் தமக்கு ஆயிரம் கியூபாச் சுருட்டுகள் வேண்டும் என்றார். சாலிஞ்சர் கடைகடையாய் ஏறி இறங்கி, 1,200 சுருட்டுகளைத் திரட்டிக்கொண்டு காலையில் வந்து நின்றார். கணக்கைக் கேட்டு மகிழ்ந்த தலைவர், மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கையொப்பமிட்டார். கியூபாவின் பொருள்கள் அமெரிக்காவுக்குள் நுழையலாகாது என்னும் ஆணை அது. பகைவர் எவரும் இட்டுக்கட்டிய கதையன்று இது. சாலிஞ்சரே பிற்காலத்தில் எழுதி வைத்தது.

தடை விதிப்பவர் தமக்கு வேண்டியதை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்கிறார். தடைக்கு ஆளாகும் ஏழைக்கு அந்த வசதி ஏது? அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட இந்த வாணிபத் தடையையும் பயணத் தடையையும் அமெரிக்கா நீக்க வேண்டும். பதிலுக்கு என்ன தருவாய் என்று பேரம் பேசாமல் நீக்க வேண்டும். இதுவே நம் வழக்கு.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959 சனவரியில் பாட்டிஸ்டாவின் கொடுங்கோலாட்சி வீழ்ந்து ஃபிடல் காஸ்ட்ரோவின் ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டு, சோவியத் நாட்டுக் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துத் தர அங்கிருந்த அயல்நாட்டு நிறுவனங்கள் மறுத்தன. கியூபா அவற்றைக் கைப்பற்றிற்று. அமெரிக்கா தான் வாங்கி வந்த சர்க்கரையின் அளவை வெட்டிற்று. கியூபா மேலும் பல அமெரிக்கச் சொத்துகளை நாட்டுடைமையாக்கிற்று. 1960 அக்டோபரில் ஏற்றுமதித் தடை. 1961 ஏப்ரலில் பன்றிகள் வளைகுடாப் படையெடுப்பு. 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடி. இரு தரப்பிலும் குருதி கொதித்த நாள்கள் அவை. சோவியத் அச்சத்தை அன்று தடைக்குக் காரணமாகக் காட்டினார்கள். அந்தச் சோவியத் ஒன்றியமே 1991-இல் மறைந்தொழிந்தது. தடையோ 1992-இலும் 1996-இலும் புதிய சட்டங்களால் மேலும் இறுக்கப்பட்டது!

தடையின் உண்மை நோக்கம் யாதென அறிய விரும்புவோர், அமெரிக்க வெளியுறவுத் துறை அலுவலர் லெஸ்டர் மல்லோரி 1960 ஏப்ரல் 6ஆம் நாள் எழுதிய குறிப்பைப் படிக்கலாம். கியூப மக்களிற் பெரும்பாலோர் காஸ்ட்ரோவின் பக்கம் நிற்கின்றனர்; ஆகவே பணமும் பண்டமும் கிட்டாமற் செய்து, கூலியைக் குறைத்து, பசியையும் மனமுறிவையும் விளைவித்து ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்க அரசே பின்னாளில் தன் ஆவணத் தொகுதியில் அச்சிட்டு வெளியிட்ட குறிப்பு அது. கியூபாவின் அடுப்படிகளில் பசி தற்செயலாக வந்து புகுந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனிப் பயணத் தடைக்கு வருவோம். புளோரிடாவின் கீ வெஸ்ட் முனைக்கும் கியூபாக் கரைக்கும் இடையே தொண்ணூறு மைல் கடல்தான். கரையின் இப்புறம் இலட்சக்கணக்கான கியூப வழிக் குடும்பங்கள். அப்புறம் அவர்தம் பெற்றோரும் உடன்பிறந்தோரும். ‘கியூபாவுக்குப் போகாதே’ என்று அமெரிக்கச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. ‘அங்கே பணம் செலவிடாதே’ என்று சொல்லிற்று. செலவிடாமல் உண்பதெப்படி, உறங்குவதெப்படி? வழக்கறிஞரின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். 1977-இல் தலைவர் கார்ட்டர் இக்கட்டைத் தளர்த்தினார். 1982-இல் ரீகன் மீண்டும் இறுக்கினார்.

எல்லாவற்றிலும் கொடியது 2004 சூன் இறுதியில் நடைமுறைக்கு வந்த விதி. அதுவரை ஆண்டுக்கொரு முறை உறவினரைக் காணச் சென்றவர்கள் இனி மூன்றாண்டுக்கு ஒரு முறைதான் செல்லலாம்; அதுவும் பதினான்கு நாள்களுக்கு மட்டும். அதற்கும் முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். சென்று வந்த மறு மாதமே தாய் இறந்தாலும், மூன்றாண்டுக் கெடு முடியும்வரை மகன் போக முடியாது. மையத்து வீட்டுக்கும் விலக்கில்லை! அதோடு விட்டார்களா? உறவினர் யார் என்பதையும் அரசே வரையறுத்தது. பாட்டன் பாட்டி, பேரப் பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, மக்கள்: இவ்வளவே குடும்பம். நாம் சாச்சா என்றும் மாமி என்றும் அழைத்து, மடியில் தவழ்ந்து வளர்ந்தோமே, அத்தகையோர் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை. தாயை இழந்த பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய சிறிய தாய் சட்டத்தின் கண்ணுக்கு அந்நியர். ஈராக் போர்க்களத்தில் அமெரிக்கச் சீருடையில் பணியாற்றி விடுமுறையில் வந்த ஒரு கியூப வழிப் படைவீரர், கியூபாவிலிருந்த தம் புதல்வர்களைக் காண விடப்படவில்லை. அந்நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம். பெற்ற பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்கலாகாது போலும். கடல் கடந்து பிழைக்கச் சென்ற மக்களின் கடிதத்துக்காக வாசலைப் பார்த்திருந்த நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

2009-இல் ஒபாமா ஆட்சி அந்த விதியை நீக்கியது. ஆயினும் ஓர் ஆட்சி அவிழ்த்ததை மற்றோர் ஆட்சி முடிந்தது. 2019-இல் சுற்றுலாக் கப்பல்கள் தடுக்கப்பட்டன. 2020 நவம்பரில், அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தைக் கியூபாவில் வழங்கி வந்த நிறுவனத்தின் 407 கிளைகள் ஒருசேர மூடப்பட்டன. 2022-இல் பைடன் ஆட்சி சற்றே தளர்த்தியது. யார் தேர்தலில் வெல்கிறார் என்பதைப் பொறுத்துத் தாயைப் பார்ப்பது!

‘உணவுக்கும் மருந்துக்கும் தடையில்லையே’ என்பாருளர். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமெரிக்க உணவுப் பொருள் கியூபாவுக்குப் போவது மெய். 2001-இல் மிச்சேல் சூறாவளிக்குப் பின் அவ்வணிகம் தொடங்கிற்று. கியூபர் உண்ணும் கோழியிறைச்சியிற் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வருவதே. ஆனால் முன்பணம் முழுதும் கட்ட வேண்டும், கடன் கிடையாது. கடனின்றிச் சரக்கு வாங்கும் வணிகன் உலகில் எங்கேனும் உண்டா என்று நம் கடைவீதியில் கேட்டுப் பாருங்கள்.

1992-இன் நிலையையும் நினைவுகூர வேண்டும். சோவியத் உதவி நின்று கியூபா பட்டினியின் விளிம்பில் தடுமாறிய ஆண்டு அது. இந்தியாவில் திரட்டிய 10,000 டன் கோதுமை கப்பலேறிக் கியூபாவுக்குப் போனதும் அவ்வாண்டுதான். அதே ஆண்டில் அமெரிக்கா சட்டமியற்றி, அயல்நாடுகளில் இயங்கும் அமெரிக்கக் கிளை நிறுவனங்கள் கியூபாவோடு வாணிபம் செய்வதைத் தடுத்தது. அவ்வாணிபத்திற் பெரும்பகுதி உணவும் மருந்துமே. கியூபத் துறைமுகத்தைத் தொட்ட சரக்குக் கப்பல் 180 நாள்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தை அணுகலாகாது என்றும் விதித்தது. அப்போது பரவிய நரம்பு நோயால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்வை மங்கியும் கால் மரத்தும் துன்புற்றனர். சத்துணவுக் குறைவே அதன் தலையாய காரணம் என்று மருத்துவர்கள் கண்டனர். சோவியத் வீழ்ச்சியே அப்பஞ்சத்தின் முதற்காரணம் என்பதை மறைக்கவில்லை. விழுந்தவன் எழ முயன்றபோது முதுகில் மிதித்தவர் யார் என்பதே கேள்வி. 2020-இல் கொள்ளைநோய் உலகை உலுக்கியபோதும், கியூபாவுக்குச் சுவாசக் கருவி விற்று வந்த இரு சுவிட்சர்லாந்து நிறுவனங்கள், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு மாறியதனால் விற்பனையை நிறுத்திக்கொண்டன.

கியூப ஆட்சி குற்றமற்றது என்று நாம் வாதாடவில்லை. 2003-இல் 75 எதிர்ப்பாளர்களைச் சிறையிலிட்டது அது. 2021 சூலையில் உணவுக்கும் மின்சாரத்துக்கும் உரிமைக்கும் குரல் கொடுத்துத் தெருவில் இறங்கியோர் பலருக்கு நெடுங்காலச் சிறை விதித்தது. தன் குடிமக்கள் வெளிநாடு செல்ல வெளியேற்ற அனுமதி பெற வேண்டும் என்ற விதியை 2013 சனவரி வரை வைத்திருந்ததும் அதுவே. ஆக, அக்கடலில் பூட்டுகள் இரண்டு இருந்தன. உள்ளேயிருந்தவர் தம் பூட்டைத் தளர்த்திய பின்னும், விடுதலையின் காவலர் என்று தம்மை அழைத்துக்கொள்பவர் தம் பூட்டைக் கழற்றவில்லை. கடையில் அரிசி இல்லையா? ‘முற்றுகை!’ மின்சாரம் இல்லையா? ‘முற்றுகை!’ தன் நிருவாகக் கோளாறுகள் அத்தனைக்கும் ஹவானா ஆட்சி சொல்லும் இந்த ஒற்றை விடையை அதன் கையில் கொடுத்தவர் வாஷிங்டன்காரர்களே.

பொதுவுடைமை ஆட்சி என்பதுதான் குற்றமெனில், சீனாவோடு வாணிபத் தடையை 1971-இல் நீக்கியது எப்படி? வியட்நாமில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர் மாண்டனர். அந்த வியட்நாம் மீதிருந்த தடையைக் கிளிண்டன் நீக்கியது 1994 பிப்ரவரி 3ஆம் நாள். கென்னடியின் ஆணை பிறந்ததும் ஒரு பிப்ரவரி 3-இல்தான்! கைப்பற்றிய சொத்துக்கு ஈடு எங்கே என்று கேட்பது நியாயமே. அமெரிக்க ஆணையம் ஒன்று 5,913 கோரிக்கைகளை ஏற்றுச் சான்றளித்துள்ளது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பிரிட்டன், கனடா, ஸ்பெயின் ஆகியவற்றின் குடிகளும் அதே புரட்சியில் சொத்திழந்தவர்கள்தாம். அந்நாடுகள் கியூபாவோடு உட்கார்ந்து பேசி ஈடு பெற்றுக் கணக்கைத் தீர்த்துக்கொண்டன.

1992 முதல் ஐ.நா. பொதுச்சபை இத்தடையைக் கண்டித்து வருகிறது. 2024-இல் 187 நாடுகள் கண்டித்தன. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. 2025-இல் அமெரிக்க நெருக்குதலுக்கிடையே ஆதரவு 165ஆகக் குறைந்தது, எதிர்த்தவை ஏழு.

தலைவர் ஒருவர் நினைத்தாலும் இதை முழுதாக நீக்க முடியாதபடி 1996ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. ஃபிடலோ அவர் தம்பி ராவுலோ இடம்பெறும் அரசை மாறுதலுக்குரிய அரசாக ஏற்கவே கூடாது என்று பெயர் குறித்து எழுதப்பட்ட சட்டம் அது. ஃபிடல் 2016-இல் இறந்தார். ராவுல் 2018-இல் குடியரசுத் தலைவர் பதவியை விட்டு இறங்கினார். தனிமனிதர் இருவர் மீது தீட்டிய கத்தி ஒரு நாட்டின் கழுத்தில் இன்னும் இருக்கிறது. அதை எடுக்கும் அதிகாரம் அமெரிக்கக் காங்கிரசுக்கே உண்டு: 1992, 1996 ஆகிய இரு சட்டங்களையும், 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் சுற்றுலாவைத் தடுக்கும் பிரிவையும் அது நீக்கட்டும்.