பைன் மரத்தடிக் கவிதைகள்

கொடைக்கானல் போய்வரும் கவிஞர்கள் தவறாமல் ஒரு பைன் கவிதையோடு திரும்புகிறார்கள். அதில் மூடுபனி இருக்கும், மௌனம் இருக்கும், 'ஆதி வனம்' இருக்கும். இவற்றில் மூடுபனி மட்டுமே நிஜம்.

சுற்றுலா வண்டி இறக்கிவிடும் அந்த இடம் வனமே அல்ல, தோட்டம். மரங்கள் வரிசை பிடித்து நிற்பதே அதைச் சொல்லும். மரத்தின் தாயகம் மெக்சிகோ. காகிதக் கூழுக்குப் பைன், தோல் பதனிடும் பட்டைக்கு வாட்டில், விறகுக்கு யூகலிப்டஸ் என்று புல்வெளியை 'வெற்று நிலம்' எனக் கணக்கெழுதி நட்டார்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வெற்று நிலம் என்றது வனத்துறைக் கணக்கு. அதையே படிமமாக்கி வழிமொழிகிறது நம் புதுக்கவிதை.

அந்த மௌனத்துக்கும் காரணம் உண்டு. தரையில் ஊசியிலை மெத்தையாகக் கிடக்கிறது, புல் தலைதூக்குவதில்லை. புல் இல்லாத இடத்தில் வரையாடு மேயாது, நெட்டைக்காலி கூடு கட்டாது. இந்த இல்லாமையைத்தான் இவர்கள் தியானம் என்கிறார்கள்.

பைனின் உறவுமரம் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் தானாகவே வளர்கிறது: நாகேயா வாலிச்சியானா. இலை ஊசியல்ல, அகலமானது. வாழ்த்து அட்டையில் இதன் படம் வருவதில்லை. ஆகவே நம் கவிஞர் கண்ணில் படுவதுமில்லை.

கவிதைக்குத் தாவரவியல் எதற்கு என்பார்கள். வேண்டாம், பார்த்தால் போதும். வரையாட்டுக்கு வருடை என்று பெயர் வைத்திருந்த மொழி இது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, கடைசியாக 2018இல் இந்த மலையின் புல்சரிவுகளில் பூத்தது. திணை மரபின் வாரிசுகள் என்று முன்னுரை எழுதிக்கொள்கிறவர்கள், அந்தச் செடி நின்ற சரிவுகளை மூடிய மரத்தடியில் உட்கார்ந்து ஏதோ ஐரோப்பியக் குளிரை எழுதுகிறார்கள்.

மரத்தின்மேல் குற்றமில்லை. பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் மறுபடி முளைக்கின்றன. அதைக் காணக் குனிந்து தரையைப் பார்க்கவேண்டும். நம்மவர்கள் அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டார்கள். இரவல் காட்சியிலிருந்து இரவல் அனுபவம்தான் வரும். அதை மடக்கி மடக்கி அச்சிட்டால் கவிதையாகிவிடாது.