மழையைப் பெய்வித்தவனும் மழையில் நனைபவளும்

நமது சப்ரகமுவ மாகாணத்தின் கித்துல்கலையிலே, களனி கங்கைக்குக் குறுக்கே, 1956, 1957ஆம் ஆண்டுகளில் ஒரு மரப்பாலம் எழுந்தது. மக்கள் கடப்பதற்காக எழுந்த பாலமன்று அது. வெடிவைத்துத் தகர்ப்பதற்காகவே கட்டப்பட்டது. ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' என்னும் படத்தை அங்கே எடுத்துக் கொண்டிருந்தார். அக்காட்சியைக் காணப் பள்ளிச் சுற்றுலாவில் வந்த மாணவருள் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழிச் சிறுவன் ஒருவனும் இருந்தான். மழை வேண்டும் என்று இயக்குநர் ஆணையிட்டார், மழை பொழிந்தது. மேகத்துக்கும் ஆணையிட வல்ல மனிதன் ஒருவன் உண்டென்றால், நானும் அவனாவேன் என்று அச்சிறுவன் அன்றே உறுதி பூண்டான். பின்னாளில் பாலு மகேந்திரா என்று தமிழுலகம் போற்றிய கலைஞர், தம் கலை வாழ்வின் பிறப்பைப் பற்றிப் பலமுறை கூறிய வரலாறு இது.

பெல்மதுளையில் வாழும் எனக்கு இவ்வரலாறு பெருமையையும் தருகின்றது, நாணத்தையும் தருகின்றது. நம் வாசல் வழியே செல்லும் நெடுஞ்சாலை, கொழும்பில் தொடங்கி இரத்தினபுரியையும் பெல்மதுளையையும் கடந்து மட்டக்களப்பிலே முடிகின்றது. அதன் மறுமுனையில் பிறந்த சிறுவனுக்கு நம் மாகாணத்து ஆற்றங்கரை கனவைத் தந்தது. அதே மாகாணத்துத் தோட்டங்களிலே பிறந்த நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன கனவைத் தந்தோம்?

கதை எங்கிருந்து பிறக்கின்றது என்ற வினாவுக்கு அக்கலைஞரின் வாழ்வே விடை. 1988இல் வெளிவந்த 'வீடு', அர்ச்சனாவுக்கு இந்தியாவின் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த படம். வீடு கட்ட முனைந்த தம் தாய் பட்ட பாட்டைச் சிறுவயதிலே கண்ட நினைவே அப்படமாயிற்று என்று அவர் சொல்லியிருக்கின்றார். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி, கடன் வாங்கி, ஏமாற்றப்பட்டு, அவமானப்பட்டு, செங்கல் செங்கல்லாக ஒரு வீட்டை எழுப்புகின்றாள். வீடு முடியும் தறுவாயில், அந்த நிலம் குடிநீர்த் திட்டத்துக்காக எடுக்கப்பட்டது என்று அதிகாரிகள் வந்து நிற்கின்றனர். சண்டையில்லை, வில்லனில்லை. நீதிமன்றப் படிகளில் இருபது ஆண்டுகள் ஏறி இறங்கிய எனக்கு, நிலமும் சட்டமும் ஏழையும் சந்திக்கும் இடத்தை இத்துணைத் தெளிவாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறொன்று தெரியவில்லை.

கற்பனை என்பது இல்லாததைப் புனைவது என்றே பலர் எண்ணுகின்றனர். அது பிழை. கண்டதை மறவாமல் வைத்திருந்து, அதன் பொருளைப் பிறர்க்கும் புலப்படுத்தும் ஆற்றலே கற்பனை. இதனை ஒரு சிறுமியிடம் கற்றேன். கற்றது காலங்கடந்து என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பாடசாலை ஒன்றிலே நடந்த கட்டுரைப் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாகச் சென்றேன். தலைப்பு: 'எங்கள் வீடு'. வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் வீட்டு முற்றத்தில் மல்லிகைப் பந்தல் இருந்தது. தந்தை சாய்வு நாற்காலியிலே பத்திரிகை படித்தார். மாடியில் தென்றல் வீசியது. எழுதிய பிள்ளைகள் யாவரும் லயத்துப் பிள்ளைகள்! ஒரு சிறுமி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். தகரக் கூரை ஒழுகும் இரவிலே, பித்தளைச் செம்பு, அலுமினியச் சட்டி, பிளாஸ்டிக் வாளி மூன்றையும் பாட்டி வரிசையாக வைப்பாளாம். சொட்டும் ஓசையைக் கொண்டே எந்தப் பாத்திரம் நிறைந்தது என்று, விளக்கேற்றாமல், படுத்தபடியே சொல்வாளாம். முதற்பரிசை மல்லிகைப் பந்தலுக்கு அளித்தோம். தீர்ப்பிலே என் கையொப்பமும் உண்டு.

நாங்கள் கண்ட குற்றம் என்ன? நடை சீராக இல்லை, எழுத்துப் பிழை உண்டு என்றோம். உண்மைக் காரணம் வேறு. ஒழுகும் கூரை கட்டுரைக்கு உரிய பொருளன்று என்று நாங்களே நம்பியிருந்தோம். தன் வீட்டைத் தன் கண்ணால் கண்டு எழுதிய ஒரே பிள்ளைக்கு, உன் கண் தவறு என்று தீர்ப்பளித்துவிட்டு, தேநீர் அருந்தி வீடு திரும்பினோம்.

இது சிறு செய்தியென்று ஒதுக்கற்க. தன் கதையைத் தான் சொல்லாத இனத்தின் கதி என்னவென்று கித்துல்கலைப் பாலமே உரைக்கும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த மரண ரயில் பாதையே அப்படத்தின் களம். அங்கே மேலைநாட்டுப் போர்க் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் மாண்ட தொகை அதனிலும் பன்மடங்கு. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் மிகப் பலர். ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற அப்படத்தின் கதையிலே அத்தமிழனுக்கு இடமில்லை. படத்தை எடுத்தவரை மட்டும் நோவானேன்? வெள்ளையர் தம் மாண்டவரைப் பற்றி எழுதினர், பேசினர், படமெடுத்தனர். நம்மவர் புதைகுழியோடு கதையும் புதைந்தது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் போன்றோர் அதனைத் தமிழ் நாவலாக்கியது பல்லாண்டுகள் கழிந்த பின்னரே.

"வயிற்றுக்கு வழியில்லாதவனுக்குக் கதை எதற்கு? சம்பளத்தைப் பேசுங்கள், காணியைப் பேசுங்கள்" என்று நம் தோழர்கள் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நானும் கேட்டவனே. ஆயினும் நம் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டுச் சட்டமோ, இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாய் என்பதற்குச் சான்று காட்டு என்றது. பிறப்புப் பத்திரமில்லாத தொழிலாளியிடம் இருந்தது அவன் வாழ்வின் கதை ஒன்றே. அதைக் கேட்க மன்று இல்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் உடன்படிக்கை செய்தனர்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே. எஞ்சிய 150,000 பேரையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். மனிதரைத் தேங்காய் போல் எண்ணிப் பங்கிட எப்படி மனம் வந்தது? நம்மைத் தொகையாகவே அறிந்திருந்தனர், முகமாக அறிந்திருக்கவில்லை. முகத்தைத் தருவது கதை. கதையறியாத இடத்திலே நீதி குருடாகும். ஆதலின் கதை கேட்பதும் காணி கேட்பதும் ஒரே வழக்கின் இரு பிரிவுகளே.

நம்மவர் முயலாமலும் இல்லை. வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' என்னும் படத்தைத் தயாரித்து, மலையகத்தைத் திரைக்குக் கொணர்ந்தார். எழுத்துப் பணியில் தெளிவத்தை ஜோசப் துணை நின்றார். பாலு மகேந்திராவின் மாணவர் பாலா, பி. எச். டானியல் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தழுவி 2013இல் 'பரதேசி'யைத் தந்தார். களம் தமிழகத்துத் தேயிலை மலை. ஆயினும் ஆசைகாட்டி அழைத்துச் செல்லும் கங்காணியையும், அடையாத கடனையும் கண்ட எங்கள் முதியோர் அது தம் பாட்டன் கதை என்றனர்.

அம்மாணவர்களை ஆக்கிய முறை யாது? தம்மிடம் வந்த இளைஞரை அவர் முதலிலே கமரா முன் நிறுத்தவில்லை. சிறுகதைகளைப் படித்துச் சுருக்கி எழுதச் செய்தார் என்று இயக்குநர் வெற்றிமாறன் கூறியிருக்கின்றார். கற்பனை தெய்வ வரமன்று, பயிற்சி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அது மட்டுமன்று. 'வீடு', 'சந்தியாராகம்' ஆகியவற்றின் மூலச்சுருள்கள் அழிந்தமை கண்டு வருந்தி, தமிழ்ப் படங்களுக்குக் காப்பகம் வேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்; 2014 பெப்ரவரியில் மறைந்தார். அவ்வளவு பெரிய கலைஞரின் படைப்புக்கே காவல் இல்லையென்றால், லயத்துக் கிழவியின் நினைவுக்குக் காவல் யார்?

நாமே. ஆசிரியப் பெருமக்களே, கண்டதை எழுதும் பிள்ளைக்குப் பரிசளியுங்கள். எழுத்துப் பிழையைப் பின்னர் திருத்தலாம். சட்டத்தரணிகளே, முதியவர் சத்தியக் கடதாசிக்கு வரும்போது சட்டத்துக்கு வேண்டிய நான்கு வரியோடு நில்லாமல், அவர் சொல்லும் மீதியையும் பதிந்து வையுங்கள். கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும். வடக்கிலும் கிழக்கிலும் நெல் விளைவிக்கும் உழவரே, பால்வெட்டுபவளின் கதையையும் கொழுந்து கொய்பவளின் கதையையும் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்; சப்ரகமுவவிலே சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் எங்களுக்கு உங்கள் செவியே பெருந்துணை. ஆட்சியாளரே, ஏழு பேர்ச் காணி, அதற்கொரு உறுதி என்று ஆட்சிக்கு ஆட்சி தந்த வாக்கை நிறைவேற்றுங்கள். இன்றும் பல்லாயிரவர் லயத்திலே நனைகின்றனர்.

அச்சிறுமியைத் தேடி அண்மையில் அத்தோட்டத்துக்குச் சென்றேன். பள்ளியை விட்டுக் கொழும்பிலே ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள் என்றனர். பாட்டி இருந்தாள். மூன்று பாத்திரங்களும் மூலையிலே இருந்தன. வானம் கறுத்திருந்தது.