தும்பாங் போகிறவரின் கணக்கு

2019 பிப்ரவரியில் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் ஒரு வெளிநாட்டு ஆடவர் தம் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி வீசி, காலைப் பிடித்துச் சுழற்றிக் காட்டினார். உலகம் சுற்றக் காசு சேர்க்கும் வித்தையாம் அது. வீடியோ பரவியது. ரஷ்யத் தம்பதியைப் போலீஸ் கைது செய்தது. சுற்றுலா விசாவில் வந்து தெருவில் கைநீட்டும் இந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயரே உண்டு: பெக்பேக்கர். முதுகுப்பையும் பிச்சையும் ஒட்டிப் பிறந்த சொல்.

கையில் காசில்லாமல் ஊர் சுற்றுவதை இந்த ஊர் இழிவாகப் பார்த்ததில்லை. ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயிலிலிருந்து தைப்பூச ரதம் புறப்பட்டதும் அதன் பின்னால் நடக்கிறவர், பையில் ஒரு வெள்ளி இல்லாமலும் பத்துமலைக்குப் போய்ச் சேரலாம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். மோர், சோறு, உட்கார ஒரு பாய். அங்கே கேட்காமலே கொடுக்கிறார்கள். புக்கிட் பிந்தாங்கில் குழந்தையைக் காட்டிக் கேட்டார்கள். பத்துமலைக்கு நடக்கிறவர் அடுத்த வருஷம் தாமே பந்தலில் நின்று மோர் ஊற்றுவார் என்ற நம்பிக்கை வேறு இருக்கிறது.

மலாயிலிருந்து வாங்கி மலேசியத் தமிழர் அன்றாடம் புழங்கும் சொல் 'தும்பாங்'. அடுத்தவர் வண்டியில் ஏறிக்கொள்வதும் தும்பாங், அடுத்தவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்வதும் தும்பாங். தோட்டக் காலத்தில் "அண்ணே, டவுன் வரைக்கும் தும்பாங்" என்று லோரியில் தொற்றிக்கொண்டவர்கள் ஏராளம். லோரிக்காரர் காசு வாங்கமாட்டார். ஆனால் அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போயிருக்கும். வாங்கியதை நினைவில் வைத்திருப்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருந்த கட்டணம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று அது நடக்காது. கூட்டரசு நெடுஞ்சாலையோரம் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றால் முதலில் நிற்பது போலீஸ் வண்டியாகத்தான் இருக்கும். பெண்கள் தனியாக முயலலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே நேர்மையான பதில்.

ஆகவே பை தூக்குகிறவர்கள் உள்நாட்டுக்குள் போகிறார்கள். அங்கே போனதும் கணக்கு மாறுகிறது. சரவாக் மேட்டு நிலத்தில் இருக்கும் பாரியோவைப் பாருங்கள். மிரியிலிருந்து அங்கே போக 19 பேர் உட்காரும் சிறு விமானம் உண்டு. அதை விட்டால், மரம் ஏற்றும் பாதையில் நாள் முழுக்கக் குலுங்கிப் போகும் நான்கு சக்கர வண்டி. அரிசி விளையும் ஊர்தான். ஆனால் எரிவாயுத் தோம்பு, டீசல், சிமெண்டு எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தாகவேண்டும். அந்த வண்டியில் ஒருவர் ஓசியில் உட்கார்ந்தால் ஒரு தோம்புக்கு இடமில்லாமல் போகிறது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொள்வார். அவருடைய சிரிப்பைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு 'பூஜ்யச் செலவுப் பயணம்' என்று தலைப்புக் கொடுப்பதில்தான் பொய் இருக்கிறது. செலவு பூஜ்யமில்லை, வேறொருவர் கட்டியிருக்கிறார்.

குறைந்த செலவில் தொலைவு போக இதைவிட நாணயமான வழி பிரிக்பீல்ட்ஸ் வாசலிலேயே இருக்கிறது. கே.எல். சென்ட்ரலில் ஈ.டி.எஸ். ரயில் ஏறிக் கெமாஸில் இறங்கினால், அங்கிருந்து தும்பாட் வரை 526 கிலோமீட்டர் ஓடும் கிழக்குக் கரைப் பாதை. எல்லாரும் காட்டு ரயில் என்பார்கள். 1931-இல் முழுமை பெற்ற பாதை அது. ஜப்பானியர் காலத்தில் அதன் தண்டவாளத்தைப் பெருமளவு பெயர்த்துச் சயாம்–பர்மா மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். அதே வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். தண்டவாளம் மறுபடி போடப்பட்டது. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை.

2014 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பாதையிலிருந்த கெமுபு பாலம் அடித்துப்போனது. பாலத்தை மீண்டும் கட்டி முழுப் பாதையிலும் ரயில் ஓட 2018 ஆயிற்று. அந்த இடைக்காலம் சுற்றுலாப் பயணிக்கு ஓர் அட்டவணை மாற்றம், அவ்வளவுதான். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ரயிலையே நம்பிய உள்நாட்டுக் கம்பங்களுக்கோ ஒவ்வொரு நாளும் ஒரு பிரச்சினை.

இந்த ரயிலின் சாதாரண வண்டியில் சில வெள்ளிக்கு மணிக்கணக்கில் போகலாம். குவா மூசாங்கில் நிலையத்தை ஒட்டியே சுண்ணாம்புப் பாறை சுவர்போல எழுந்து நிற்கிறது. தாபோங்கில் ஸ்தோங் மலை ஏறுகிறவர்கள் பையோடு இறங்குவார்கள். அவர்கள் இறங்கிய இடத்தில் சீருடைப் பிள்ளைகளும் காய்கறிக் கூடைகளும் ஏறும். பயணச்சீட்டு மலிவாக இருப்பதே அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். முதுகுப்பைக்காரர் அதில் தும்பாங் போகிறவர். கூட்டமான நாளில் பையை இருக்கையில் வைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. கோத்தா பாருவிலிருந்து கோம்பாக் வழியாகக் கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டருக்கு ஈ.சி.ஆர்.எல். பாதை உருவாகிறது. குவாந்தான், கோலத் திரெங்கானு வழியாகக் கடலோரம் ஓடும் அந்த வேக ரயில் குவா மூசாங்கையும் தாபோங்கையும் தொடாது. புதுப் பாதை திறந்த உற்சாகத்தில் பழைய வண்டிகளைக் குறைத்துவிடக்கூடாது. இரண்டு பாதைகளும் நெருங்கி வரும் மெந்தகாப் பகுதியில், ஒன்றில் இறங்கியவர் மற்றதில் ஏற ஏதுவாக நேரங்களைப் பொருத்திவைத்தால் போதும்.

அடுத்த பள்ளி விடுமுறைக்குப் பாலித் தீவு விமானச் சீட்டைத் தேடும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் ஒரு தடவை கெமாஸில் ஏறிப் பாருங்கள். உணவைக் கோலாலம்பூரிலிருந்து கட்டிக்கொண்டு போகவேண்டாம். தாபோங் கடையில் காசு கொடுத்து நாசி வாங்கிச் சாப்பிடுங்கள். மலையடிவாரம் வரை யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டால் இறங்கும்போது பெட்ரோலுக்கு ஐந்து வெள்ளி நீட்டுங்கள். பெரும்பாலும் வாங்கமாட்டார்கள், ஆனாலும் நீட்டுங்கள்.