நீலிக் கண்ணீரை நம்பிய படங்கள்

அண்மையில் ஒரு கருத்தரங்கில், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட யட்சிக் காதற்படங்களைப் பற்றிப் பேசினேன். முதல் வினா ஒரு மூத்த பேராசிரியரிடமிருந்து வந்தது: "இவையெல்லாம் ஆய்வுக்கு உரியவைதாமா?" அவையில் சிரிப்பு எழுந்தது. விடைகூற இரண்டு நிமிடமே கிடைத்தது. எஞ்சியதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு தொடரிலிருந்து தொடங்குவோம். பொய்யழுகையைத் தமிழில் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். பழையனூர் நீலி கதை தந்த தொடர் அது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்ந்து சென்று, வேளாளர் அவையில் அழுது வழக்குரைத்துப் பழிதீர்க்கிறாள். அவள் கொலையுண்டது உண்மை. அவன் அவளுடைய கணவனாக இருந்ததும் உண்மை. ஆயினும் சொல் தவறாமல் தீயில் இறங்கிய எழுபது வேளாளருக்குப் புகழ் கிடைத்தது. கொலையுண்டவளின் கண்ணீர் பொய்க்கு உவமையாயிற்று. மொழியே வழங்கிவிட்ட இத்தீர்ப்பை மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொண்ட இடம் எது? நம் துறைகள் அல்ல. நாம் சிரிக்கும் மலிவான திரைப்படங்களே.

இதைக் கல்லாற்றில் அமர்ந்து எழுதுகிறேன். பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டையூசி வளைவுகளுக்குக் கீழே உள்ள ஊர். மாலையில் மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்பவர் முகம் தெரியாது. யட்சிப் படத்துக்கு வேண்டிய முதலீடு ஏறக்குறைய இவ்வளவுதான்: பனி, பாலைமரம், வெள்ளைப் புடவை, ஒரு பாட்டு. 1979இல் எம். கிருஷ்ணன் நாயர் இயக்கிய 'கள்ளியங்காட்டு நீலி'யில் எஸ். ஜானகி பாடிய பாட்டைக் கேட்டவர்களுக்கு, அந்தக் குரல் எத்தனை காட்சியமைப்புகளின் வேலையைத் தனியே செய்கிறது என்பது தெரியும். கள்ளியங்காடு நாகர்கோவிலை அடுத்துள்ளது. 1956இல் மாநில எல்லை பிரிந்தது, நீலி பிரியவில்லை. மலையாளத்தில் யட்சியாகவும் குமரி மாவட்டத்தில் இசக்கியாகவும் அவள் ஒருத்தியே.

இவளை 'இந்திய டிராகுலா' என்று அழைப்பது பிழை. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா (1897) இலண்டன் பக்கத்தில் மனை வாங்க வழக்கறிஞரை வரவழைக்கும் பிரபு. நம் யட்சியோ வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள். தாம்பூலம் நம்மிடையே திருமணத்தின் மொழி. ஆகவே அவள் கேட்பது சுண்ணாம்பு மட்டுமன்று. அவள் வாய் சிவந்திருப்பது வெற்றிலையாலா, குருதியாலா? காதலுக்கும் கொலைக்கும் இடையிலான அந்த ஐயத்தைத் திரையில் நிறுத்த ஒரு வெற்றிலை போதும். இப்படங்களின் கவர்ச்சி இதில்தான் இருக்கிறது. பணமின்மை அச்சத்தை நடிகையின் முகத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. முகத்தை நெடுநேரம் பார்ப்பவன் அவள் பக்கம் சாயாமல் இருப்பது கடினம்.

விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்து பெருவெற்றி பெற்றது. அதில் ஜெயமாலினி நடித்த பேய், விறகுக்குப் பதிலாகத் தன் கால்களையே அடுப்பில் வைத்துச் சமைக்கும். அரைநூற்றாண்டாக நாம் சிரித்துவரும் காட்சி அது. ஒருமுறை சிரிக்காமல் பாருங்கள். ஒரு வீட்டின் மருமகளாக ஏற்கப்பட வேண்டுமென்று ஒருத்தி தன் உடலையே எரித்துச் சோறாக்குகிறாள். இல்லறத்தில் பெண்ணின் உழைப்பைப் பற்றி இதைவிட நேரான படிமத்தை எந்தக் கலைப்படம் தந்தது?

நாம் பாடத்திட்டத்துக்குத் தகுதியெனக் கருதும் 'யட்சி'யை (1968) இதன் அருகில் வையுங்கள். மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவலைக் கொண்டு சேதுமாதவன் இயக்கிய சிறந்த படம், ஐயமில்லை. ஆனால் மனைவியை யட்சியெனச் சந்தேகிக்கும் பேராசிரியரின் மனமே அங்கு ஆராயப்படுகிறது; உயிரிழப்பவளோ அவள். உளவியல் வந்ததும் படம் மதிப்புப் பெற்றது. நீலி மீண்டும் வாயிழந்தாள். 1999இல் வினயன் இயக்கிய 'ஆகாசகங்கை'யில் நுட்பம் குறைவு. எனினும் தறவாட்டு இளைஞனைக் காதலித்துக் கருவுற்ற பணிப்பெண்ணை அந்த வீடே எரித்துக் கொன்றது என்று அது ஒளிக்காமல் சொல்கிறது.

ஒரு மறுப்பை நான் ஏற்கிறேன். இப்படங்கள் பெண்ணுடலை விற்றன; இறுதியில் மந்திரவாதி வென்றார். 'ஐதிஹ்யமாலை'யில் கடமற்றத்துக் கத்தனார் யட்சியின் தலையில் ஆணி அறைந்து அவளை வேலைக்காரியாக்கியதுபோல, திரையிலும் ஆணி தவறாமல் வந்தது. ஆயினும் கடைசிப் பத்து நிமிடமே மந்திரவாதிக்குரியது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவள் பேசினாள், பாடினாள், தன்னைக் கொன்றவர் யார் என்று சொன்னாள். கொட்டகையில் இருந்தோர் கேட்டனர். முடிவை மட்டும் படித்துப் படத்தை மதிப்பிடுவது ஆய்வாகாது.

2025இல் 'லோகா' வந்து நீலியை மீநாயகியாக்கி, மலையாளத்தில் அதுவரை காணாத வசூலை ஈட்டியது. கோயிலின் பெயரால் ஒரு பழங்குடிமீது மன்னன் ஏவிய வன்முறையை அவள் பிறப்புக் கதையில் வைத்தது அதன் நேர்மை. உடனே நம் துறைகள் விழித்துக்கொண்டு கட்டுரைகள் கோருகின்றன. பெருஞ்செலவு செய்தால் மட்டுமே நீலி கோட்பாட்டுக்குத் தகுதி பெறுவாளா? புதிய நீலி உலகைக் காக்கிறாள். பழைய நீலி தனக்கு மறுக்கப்பட்ட வாழ்வைக் கேட்டாள். காப்பவளை மதிப்பது எளிது. கேட்பவளின் முன்னால்தான் நாம் நெளிகிறோம். நெளிவை மறைக்கச் சிரிக்கிறோம். 'மோசமாக இருப்பதால் அருமை' என்று நண்பர்களோடு கூடிப் பார்க்கும் இளைஞரின் நகைப்பும் அதே வகையைச் சேர்ந்ததே.

எனவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமார'னின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. மலிவான படங்களுக்கு அந்த முடிவு இன்னும் எளிதில் வரும். உங்கள் ஊர்க் கொட்டகையில் படம் ஓட்டியவர் உயிருடன் இருந்தால் போய்ப் பேசுங்கள். சுவரொட்டிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேகரியுங்கள். பெண்கள் எந்தக் காட்சியில் அழுதார்கள் என்று கேளுங்கள்.

பேராசிரியருக்கு என் விடை இதுவே: ஐயா, அவர்கள் அழுதது நீலிக் கண்ணீர் அன்று. அதை நிறுவுவதே என் ஆய்வு.